ராமநாதபுரத்துக் குதிரைகள்

கூட்டமாக ஊர் பார்க்கப் போகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஒருவன் மைக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முன்னால் போவான். நாற்பது பேர் பின்னால் போவார்கள். அவன் இடது பக்கம் பாருங்க என்றால் நாற்பது கழுத்தும் இடது பக்கம் திரும்பும். வீட்டுக்கு வந்த பிறகு என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், "நல்லா இருந்துச்சு, மத்தியானச் சாப்பாடுதான் கொஞ்சம் லேட்டு" என்பார்கள். இதற்கு வீட்டிலேயே நேரத்துக்குச் சாப்பிட்டுப் படுத்திருக்கலாம்.

என் பிழைப்பே குறை கண்டுபிடிப்பதுதான். கப்பலூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் முப்பது வருடம் தரப் பரிசோதகராக இருந்தேன். தண்ணீர் மோட்டாருக்குப் போடுகிற வாஷரை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். மயிரிழை பிசிறு இருந்தாலும் கழிவுப் பெட்டியில் போட்டுவிடுவேன். செய்தவன் வந்து கெஞ்சினாலும் கதை நடக்காது. ஓய்வு பெற்று வந்த பிறகு வாஷருக்குப் பதிலாக மனுசர்களைக் கழித்துப் போடுகிறேன் என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்வதில் தப்பில்லை.

அப்படிப்பட்ட நான், ‘ஒரே நாளில் ரயிலில் வரலாற்றுச் சுற்றுலா’ என்று நோட்டீஸ் அடித்து விற்கிற கூத்தில் ஒருமுறை போய்ச் சிக்கினேன். அவளுக்காகத்தான் போனேன்.

அவள் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தவள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, நரம்பு கெட்டு, வலது கண் முன்பே போய்விட்டது. இடது கண்ணிலும் ஓரமெல்லாம் இருட்டி, நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம். அதற்கு ஒரு சனிக்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். டாக்டர் நல்ல மனிதர், ஒளிக்காமல் பேசினார். "இருக்கிறதக் காப்பாத்தத்தாம்மா பாக்குறோம். சில பேருக்கு ஆபரேசன்ல அதுவும் போயிருது. சொல்லாம செய்யக்கூடாது. தள்ளிப் போடவும் முடியாது."

வெளியே வந்து ஆட்டோவில் ஏறி, மாட்டுத்தாவணி தாண்டி வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் சொன்னாள்.

"ஏங்க, ராமநாதபுரம் அரண்மனைக்குப் போகணும். உள்ள சுவத்துல இருக்கிற படத்தப் பாக்கணும்."

அது பழைய கதை. ஏதோ ஒரு புத்தகத்தில் அந்த ஓவியங்களின் போட்டோ ஒன்றை வைத்திருந்தாள். சண்டைக் காட்சி. குதிரைகள் நெருக்கியடித்துக்கொண்டு பாய்ந்து வரும். போட்டோ மங்கல். பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளை குதிரை வரைந்தாலும் மேசைக்குக் கால் வைத்த மாதிரி நான்கு குச்சியை நிறுத்தும். ஒரு குதிரைக்கே அந்தப் பாடு என்றால், ஒன்றன்மேல் ஒன்றாக வருகிற அத்தனை குதிரைக்கும் அதை வரைந்த ஆள் எப்படிக் கால் போட்டான் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும். "கிட்டப் போய் நின்னு பாக்கணும்ங்க" என்று கல்யாணம் ஆன புதிதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். மதுரையிலிருந்து மூன்று மணி நேரப் பயணம். போவோம், போவோம் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருமுறை கூடக் கூட்டிப் போகவில்லை.

அந்த வாரம்தான் பேப்பருக்குள் அந்த நோட்டீஸ் வந்தது. காலையில் மதுரையில் ரயில். பாம்பன் பாலம், ராமேஸ்வரம் கோயில், தனுஷ்கோடி, ராமநாதபுரம் அரண்மனை. நடுவில் மட்டும் வேன், திரும்பவும் ரயில். புதன்கிழமை ஒரு கூட்டம், வெள்ளிக்கிழமை ஒரு கூட்டம். பஸ் குலுக்கல் அவளுக்கு ஆகாது என்பதால் இதிலேயே போய்விடலாம் என்றேன். பொடி எழுத்து அவளுக்குத் தெரியாது. வாசிக்கச் சொன்னாள். முன்பக்கத்தில் இருந்த ஊர்ப் பெயர்களை வாசித்தேன்.

"முழுசா வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன், வாசிச்சேன். இது என்ன ராமாயணமா?"

பின்பக்கம் நிபந்தனை என்று போட்டு எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ இருந்தது. அடையாள அட்டை கொண்டு வரவும், உடைமைகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல, அந்த வகைச் சங்கதி. இவன்கள் நிபந்தனையை எவன் வாசிப்பான் என்று மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டேன். அவள் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

முதலில் புதன்கிழமைக்குத்தான் பெயர் கொடுத்தேன். சாயங்காலம் காலண்டர் தாளைத் தூக்கிப் பார்த்தால், புதனன்று அவள் நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம். தொட்டது எதுவும் துலங்காத நாள். ராகு காலம், எமகண்டம், பல்லி விழும் பலன் எதையும் நம்புகிறவன் இல்லை நான். நம்புகிறவர்களை நாலு பேர் முன்னால் வைத்துக் கிண்டல் செய்கிறவன். ஆனால் சந்திராஷ்டமம் வேறு. அது அனுபவம். எங்கள் பக்கத்தில் நாத்திகம் பேசுகிறவன்கூட அந்த ஒரு வரியை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் தாளைக் கிழிப்பான்.

"புதனே போயிருவோமே. நடுவுல ரெண்டு நாள் ஓய்வு கெடைக்கும்" என்றாள்.

"ஆபரேசன வச்சுக்கிட்டு சந்திராஷ்டமத்துல எங்கயும் போகக்கூடாது. ஒனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இரு."

உடனே போன் போட்டு வெள்ளிக்கிழமைக்கு மாற்றச் சொன்னேன். சுற்றுலாக்காரன் அந்தப் பக்கம் ஏதோ இழுத்தான். புதன் வேண்டாம், வெள்ளின்னா வெள்ளி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் ஸ்டேஷனுக்குப் போனால், மஞ்சள் தொப்பி, விசில், கழுத்தில் மைக் சகிதம் அந்தச் சுற்றுலாக்காரன் நிற்கிறான். நாற்பது வயது இருக்கும். "அண்ணே வாங்க, அக்கா வாங்க, மாப்ள இங்கிட்டு வா" என்று எல்லோருக்கும் ஒரு சொந்தம் வைத்துக் கூப்பிட்டான். எனக்கு மட்டும் சார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனுக்கே அண்ணே வரவில்லை போலிருக்கிறது.

பெட்டியில் எங்களுக்கு எதிரே உசிலம்பட்டிப் பக்கத்து விவசாய வீட்டு அக்கா ஒருத்தி மூன்று தூக்குவாளிகளோடு உட்கார்ந்தாள். புளியோதரை ஒன்று, தயிர்ச்சோறு ஒன்று, சுண்டல் ஒன்று. நோட்டீஸில் மூன்று வேளையும் சாப்பாடு என்று போட்டிருக்கிறது. அப்புறம் எதற்கு இது? ரயில் சிலைமான் தாண்டவில்லை, மூடியைத் திறந்துவிட்டாள். பெட்டி முழுக்கப் புளி வாசம். நாற்பது பேரும் தட்டு நீட்டினார்கள். சுற்றுலாக்காரன் எழுந்து, "அங்கிட்டுத்தான் கீழடி! எம்புட்டோ வருசத்துக்கு முன்னாடியே நம்மாளுக வீடு கட்டி, தெரு போட்டு வாழ்ந்திருக்காக!" என்று மைக்கில் கத்தினான். சீமைக் கருவேலமரம்தான் தெரிந்தது. வாயில் புளியோதரையோடு எல்லோரும் கருவேலமரத்தை ஆச்சரியமாகப் பார்த்தார்கள். ஒருவன் போனை நீட்டி, "ஹாய் நண்பர்களே, நம்ம இப்ப கீழடில இருக்கோம்" என்று வீடியோ வேறு எடுத்தான். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"சும்மா இருங்க. அவுக பாட்டுக்கு சந்தோசமா இருக்காக" என்றாள் என் மனைவி. அவளும் சுண்டல் தின்றுகொண்டிருந்தாள்.

ராமநாதபுரம் ஸ்டேஷனில் ரயில் நின்றபோது என் கையைப் பிடித்தாள். "இங்கயே எறங்கிப் பாத்துட்டு அப்புறம் போனா என்ன?" மஞ்சள் தொப்பியைக் கூப்பிட்டு அரண்மனை எப்போது என்று கேட்டேன். வரும்போதுதான் சார், சாயங்காலம் இங்க வந்துதான் ரயிலேறப் போறோம் என்றான். அவன் நகர்ந்ததும் அவள் சொன்னாள்.

"நான் அந்தப் படத்தப் பாக்கத்தான் வாரேன்னு அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க. நாளைக்கு ஆபரேசன்னும் சொல்லுங்க."

"அவன்கிட்ட என்னத்தச் சொல்றது? கருவேலமரத்தக் காட்டிக் கீழடிங்கிறவன்கிட்ட ஓவியத்தப் பத்திப் பேசவா?"

நான் சொல்லவில்லை. என் வீட்டுச் சங்கதியை அந்த மைக்கில் அவன் ஊருக்குச் சொல்லிவிடுவான் என்றும் ஒரு எண்ணம்.

பாம்பன் பாலத்தில் எல்லோரும் கதவுப் பக்கம் முண்டியடித்தார்கள். அவளுக்கு ஜன்னல் இருந்தது. ஓரம் தெரியாத கண் என்பதால் தலையை இடமிருந்து வலமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித்தான் பார்ப்பாள். கடலை அப்படித் துண்டு துண்டாகப் பார்த்து முடித்துவிட்டு, "பச்சையும் நீலமும் நடுவுல கோடு போட்ட மாதிரி இருக்கு" என்றாள். எனக்கு அப்படி ஒரு கோடு தெரியவில்லை. வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராமேஸ்வரத்தில் பிடித்தது சனி. வரலாற்றுச் சுற்றுலா என்று வந்த கூட்டம், இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடாமல் வரமாட்டேன் என்று நின்றது. பிரகாரத்துத் தூண்களைப் பார்க்கக் கால் மணி நேரம். கிணறு கிணறாக வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ள இரண்டு மணி நேரம். ஈரத்துணியோடு சொட்டச் சொட்ட வந்து, சாப்பாட்டில் அப்பளம் நமுத்துவிட்டது என்று ஒரு பஞ்சாயத்து. தனுஷ்கோடியில் புயல் தின்று மிச்சம் வைத்த தேவாலயச் சுவரில் சாய்ந்து வீடியோக்காரன் நண்பர்களுக்கு ஹாய் சொல்லிக்கொண்டிருந்தான். இத்தனை உயிர் போன இடமடா, கொஞ்சம் மரியாதையாக நில்லடா என்று சொல்ல வாய் வரை வந்தது. தூக்குவாளி அக்கா கடைக்குக் கடை சங்கை எடுத்து ஊதிப் பார்த்தாள். ஒன்றும் வாங்கவில்லை.

ஐந்து மணிக்கு அரண்மனையைச் சாத்திவிடுவார்கள். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த பெரிய விஷயம் அது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு அன்று நான் ஆடிய ஆட்டம் கொஞ்சமில்லை.

"ஏம்மா, அந்தச் சங்க ஊதுனது போதும், கெளம்புங்க!"

"ஏண்ணே, ரயிலு சாயங்காலந்தானே? அம்புட்டு அவசரமா?" என்றாள் அக்கா.

"திங்கவும் குளிக்கவும் வந்தவுகளுக்கு அவசரம் இருக்காது. ஒண்ணு ரெண்டு பேரு பாக்கவும் வந்திருக்கோம்."

மூஞ்சியில் அடித்த மாதிரி சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டே என் மனைவியின் கையைப் பிடித்து மணலில் வழி பார்த்துக் கூட்டிக்கொண்டு போய் வேனில் ஏற்றிவிட்டாள். வீடியோக்காரனை நான்தான் விரட்டி ஏற்றினேன். டிரைவரை டீ குடிக்க விடவில்லை. நான் போட்ட சத்தத்தில்தான் வேன் நாலரைக்கு முன்னால் ராமநாதபுரத்துக்கு வந்து நின்றது. அந்தப் பெருமையில் முதல் ஆளாக இறங்கி அவளைக் கைபிடித்து இறக்கினேன். அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் நன்றாகத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

ஓவியங்கள் இருக்கிற மண்டபத்தின் கதவு சாத்தி, பூட்டுத் தொங்கியது.

மஞ்சள் தொப்பி அந்தப் பூட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, சேதுபதிகளின் வீரத்தை மைக்கில் சொல்ல ஆரம்பித்தான். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றேன்.

"யோவ், நிறுத்துய்யா! கதவு பூட்டிக் கெடக்கு. பூட்டப் பாத்துக்கிட்டுக் கதை கேக்கவா இம்புட்டுத் தூரம் வந்தோம்?"

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்ல சார். உள்ள வார லீவு."

"லீவு நாள்ல ஆள் கூட்டிட்டு வாரியே, வெக்கமா இல்ல? நாள் பாத்து டூர் போடத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா மைக்கு, தொப்பி?"

அவன் மைக்கை அணைத்தான். பிறகு மெதுவாகத்தான் பேசினான்.

"சார், ஒங்களுக்கு நான் புதன்கிழமைதான் போட்டிருந்தேன். நீங்கதான் மாத்தச் சொன்னீக. வெள்ளின்னா அரண்மனை வெளிய இருந்துதான்னு போன்ல சொல்ல வந்தேன், வச்சிட்டீக. நோட்டீஸ்லயும் போட்டிருக்கு சார். பின்பக்கம், நாலாவது வரி."

பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்துப் பின்பக்கத்தைக் காட்டினான். வெள்ளிக்கிழமைப் பயணத்தில் அரண்மனை வெளித்தோற்றம் மட்டும். பிசிறில்லாத அச்சு. மயிரிழைக் குறையைக் கண்டுபிடிக்கிறவன் இதைத்தான் வாசிக்காமல் மடித்துக் கொடுத்திருக்கிறேன். முந்தாநாள், அந்தப் புதன்கிழமை, இந்தக் கதவு திறந்துதான் இருந்திருக்கிறது. போன கூட்டம் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது.

"நாளைக்கு இவளுக்குக் கண்ணு ஆபரேசன்யா!" என்று கத்தினேன். யாரிடம் கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை.

எல்லோரும் எங்களைச் சுற்றி வந்துவிட்டார்கள். தூக்குவாளி அக்காதான் பேசினாள். "இத ஏண்ணே காலைலயே சொல்லல?"

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. காலையிலிருந்து நான் கழித்துப் போட்ட கூட்டம் மொத்தமும் காவலாளியைச் சூழ்ந்துகொண்டது. அக்கா அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். வீடியோக்காரன் போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, அண்ணே அண்ணே, அவுக ஒருத்தரு மட்டும், ரெண்டே நிமிசம் என்று அவர் பின்னாலேயே நடந்தான். மஞ்சள் தொப்பி யார் யாருக்கோ போன் போட்டான். ஒருவர் எடுக்கவில்லை, இன்னொருவர் ஊரில் இல்லை. காவலாளி பாவம், சாவி ஏங்கிட்ட இல்லம்மா, இருந்தா தொறந்து விட்டுருவேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாள் திறக்கும். மறுநாள் காலை ஏழு மணிக்கு நாங்கள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

அவள் கதவுக்குக் கிட்டப் போய் நின்றாள். தலையை மெல்லத் திருப்பித் திருப்பி மரத்தையும் கீலையும் பூட்டையும் துண்டு துண்டாகப் பார்த்தாள். "விடுங்க, அவரப் போட்டுத் தொந்தரவு பண்ணாதீக" என்று அவளே எல்லோரையும் வேனுக்கு அனுப்பினாள்.

திரும்பும் ரயிலில் மஞ்சள் தொப்பி மைக்கைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டான். அக்கா மிச்சமிருந்த தயிர்ச்சோற்றை என் கையில் திணித்தாள். தின்றேன். பரமக்குடி தாண்டியதும் என் மனைவி கைப்பையைத் திறந்து, மடித்த நோட்டீஸை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"இப்ப வாசிங்க. முழுசா."

வாசித்தேன். முன்பக்கம், பின்பக்கம், அடையாள அட்டை, உடைமை, நாலாவது வரி, அச்சகத்தின் பெயர் வரை வாசித்தேன். எதிரே அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முடித்ததும் என் மனைவி கையை நீட்டி நோட்டீஸைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"நாளையில இருந்து எனக்கு எல்லாத்தையும் நீங்கதான் வாசிக்கணுமோ என்னமோ. அதான் சொல்றேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் சொல்ல வந்திருக்கும். சண்டை போட எனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. அவள் சும்மா, கடைக்குச் சாமான் சொல்கிற மாதிரி சொன்னாள்.

ஆபரேஷன் கைகூடவில்லை. டாக்டர் மேல் குற்றமில்லை, முன்கூட்டியே சொன்னவர் அவர். இப்போது அவளுக்கு வெளிச்சம் தெரியும், ஜன்னல் எங்கே என்று தெரியும், ஆள் நிற்பது நிழலாகத் தெரியும். மாத்திரை அட்டை, கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் நான்தான் வாசிக்கிறேன். பத்திரிகையில் தாய்மாமன் பெயரை விட்டுவிட்டுத் தாண்டினால்கூடக் கண்டுபிடித்துவிடுகிறாள். காலண்டர் தாளை மட்டும் நான் வாசிப்பதில்லை, அவளும் கேட்பதில்லை.

ஆறு மாதம் கழித்து, "போவோமா?" என்று அவளே கேட்டாள். ஒரு புதன்கிழமை போனோம். கூட்டமில்லை, மஞ்சள் தொப்பி இல்லை, நாங்கள் இரண்டு பேர்தான். கதவு திறந்திருந்தது. உள்ளே குளுமையாக இருந்தது. அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

"குதிரை இருக்கா?"

"இருக்கு."

"எம்புட்டு?"

"நெறைய இருக்கு. பாஞ்சு வருது."

"நெறையன்னா? கால எப்படிப் போட்டிருக்கான்? ஒண்ணொண்ணா எண்ணிச் சொல்லுங்க."

கிட்டப் போய் நின்றேன். இடது ஓரத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ண ஆரம்பித்தேன். எந்தக் கால் மடங்கியிருக்கிறது, எது நீட்டியிருக்கிறது, எது எந்தக் குதிரைக்குப் பின்னால் மறைகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நடுவில் ஒரு முழத்துக்குச் சுண்ணாம்பு உதிர்ந்து வெறும் சுவராக இருந்தது. அதையும் சொன்னேன்.